மன்னருக்கு வால் காட்டிய மீன்கள்

கழிமுகநாட்டில் யாரும் மன்னருக்கு முதுகு காட்டக் கூடாது.

இது சட்டம் அல்ல. சட்டத்துக்கும் மூத்த வழக்கம். அரண்மனைக்குள் வந்தவர்கள் கும்பிட்ட கையோடு பின்பக்கமாகவே நடந்து வெளியேற வேண்டும். வாசல்படி தடுக்கிப் பலர் விழுந்தார்கள். அந்த நாட்டு வைத்தியர்கள் பின்மண்டைக் காயத்துக்குக் கட்டுப் போடுவதில் கடல் தாண்டியும் பேர் வாங்கியிருந்தார்கள்.

வழக்கத்தைக் காப்பதற்கென்று முதுகுத் துறை என்று ஒரு துறை இருந்தது. அதன் அமைச்சர் வணங்காமுடியார். பெயர் அவருடைய தகப்பனார் வைத்தது. அதற்கு அவர் பொறுப்பாக மாட்டார். மூன்று மன்னர்களிடம் தொடர்ந்து அமைச்சராக இருந்தவர். நிமிர்ந்து நின்றால் அவர் எவ்வளவு உயரம் என்பது அவர் மனைவிக்கே தெரியாது.

மூன்று மன்னர்கள் எப்படி? கழிமுகநாட்டில் மன்னரைத் தேர்தல் வைத்துத்தான் தேர்ந்தெடுப்பார்கள். ஒரு மறைப்புத் தட்டி. அதன் பின்னால் இரண்டு பானைகள். ஒன்று மன்னருடையது, மற்றது எதிர்த்து நிற்பவருடையது. ஆளுக்கொரு கல். விருப்பமான பானையில் போட்டுவிட்டு வெளியே வர வேண்டும். வெளியே மன்னர் உட்கார்ந்திருப்பார். அவரைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்து வீட்டுக்குப் போக வேண்டும். எவன் முதுகு தெரிகிறதோ அவன் கல் அடுத்த பானையில் விழுந்தது என்பது முதுகுத் துறையின் அசைக்க முடியாத நம்பிக்கை.

அப்போது ஆண்டுகொண்டிருந்தவர் மன்னர் பெருநோக்கர். அவருடைய அரண்மனை குளிராறு கடலில் கலக்கும் இடத்தில் இருந்தது. ஒரு மழைக்காலக் காலையில் மேல்மாடத்தில் பழரசம் அருந்திக்கொண்டிருந்தவர், கிண்ணத்தைப் பாதியில் நிறுத்தினார்.

"வணங்காமுடி, ஆற்றில் என்ன அது?"

"மீன்கள், மன்னா. ஏறுகெண்டை. கடலில் வாழ்பவை. முட்டையிட மலைக்கு ஏறுகின்றன."

"ஏறட்டும். எனக்கு எதைக் காட்டிக்கொண்டு ஏறுகின்றன?"

அமைச்சர் எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தம் வற்றியது.

"வால், மன்னா."

ஆறு முழுக்க வால்கள். ஆயிரமாயிரம் வால்கள், அரண்மனையைப் பார்த்து ஆடிக்கொண்டு போயின.

அன்று மாலையே ஆணை பிறந்தது. கடலுக்கும் மலைக்கும் நடுவில் ஆற்றை மறித்து மரியாதை அணை எழுந்தது. மீன்கள் திரும்பி நின்று மன்னரை நோக்கினால் மதகு திறக்கப்படும் என்று பலகை வைத்தார்கள். எழுத்து தெரியாத மீன்களுக்காகப் படமும் வரைந்திருந்தார்கள்.

மீன்கள் திரும்பவில்லை. தாவின.

பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கடலை விட்ட நாளிலிருந்து ஒரு வாய் இரை எடுக்காத மீன்கள். உடம்பிலிருந்த வெள்ளியெல்லாம் போய், செங்காவி ஏறிய மீன்கள். ஆள் உயரம் எழும்பிக் கருங்கல்லில் மோதின, விழுந்தன, மறுபடி எழும்பின. ஒவ்வொரு தாவலிலும் வால் இன்னும் நன்றாகத் தெரிந்தது. அமைச்சர் அவை ஒவ்வொன்றையும் தனிக் குற்றமாகப் பதியச் சொன்னார்.

அடுத்த வருடம் அரசு இரக்கம் காட்டியது. அணையின் ஓரத்தில் மீன்படிகள் கட்டினார்கள். ஒவ்வொரு படியிலும் மன்னரின் திருவுருவப் படம். நிபந்தனை ஒன்றே ஒன்று: மீன்கள் பின்பக்கமாக ஏற வேண்டும். திறப்பு விழா மேடைக்கு இடைஞ்சலாக இருந்ததால் படிகளில் தண்ணீர் விடவில்லை. விழா நன்றாகவே நடந்தது.

அதற்கும் அடுத்த வருடம் மீன்களைத் தூக்கிச் செல்ல வீரர்களை அனுப்பினார்கள். கூடையில் மீன், மீனின் முகம் அரண்மனையை நோக்கி. தூக்கும் வீரனின் முகமும் அரண்மனையை நோக்கி. ஆகவே படை முழுவதும் மலைப்பாதையில் பின்னோக்கி ஏறியது. முதல் வளைவிலேயே பாதிப் படை பள்ளத்தில் கிடந்தது. மீதிப் படை உச்சிக்குப் போனபோது கூடைகளில் உயிர் இல்லை. 'மீன்கள் மரியாதையுடன் மேலே சேர்க்கப்பட்டன' என்று முரசறைந்தார்கள். அதில் பொய் எதுவும் இல்லை.

இத்தோடு நிற்கவில்லை. தொலைநோக்கியில் பார்த்தால் கரை மரங்கள் ஆற்றை மறைக்கின்றன என்று மன்னர் முகம் சுளித்தார். மலை வரைக்கும் இரு கரை மரங்களையும் வெட்டிச் சாய்த்தார்கள். நிழல் போனது. மலையோடையில் வெயில் விழுந்து தண்ணீர் சூடேறியது. பிடிப்பில்லாத கரை சரிந்து, முட்டையிடும் கூழாங்கல் படுகையைச் சேறு மூடியது.

மலையில், ஓடை பிறக்கும் இடத்தில், ஓடைக்குடி என்றொரு ஊர். அந்த ஊருக்கு மீன்தான் எல்லாம். முட்டையிட்டதும் ஏறுகெண்டை செத்துவிடும். செத்த மீனை நீர்நாய் தின்னும், கரடி தின்னும், மிச்சத்தை மண் தின்னும். அதில்தான் காடு தழைக்கும். ஊருக்கு வருடம் முழுக்கக் கருவாடு. மீன் நின்றதும் பசித்த கரடி ஊருக்குள் வந்து கதவைத் தட்டியது.

ஓடைக்குடியில் ஒரு முறை உண்டு. வருடத்துக்கு ஒரு வீடு ஓடையைக் காக்க வேண்டும். வருட முடிவில் புதிதாகப் பொரித்த குஞ்சுகளை ஒரு செம்புத் தண்ணீரில் எடுத்து, அடுத்த வீட்டாரிடம் காட்டி, முறையை ஒப்படைக்க வேண்டும். குஞ்சைக் காட்டாமல் கை மாற்ற முடியாது.

அணை எழுந்த வருடம் முறை சிலம்பாயி வீட்டில் இருந்தது. கை மாற்றக் குஞ்சு இல்லை. முறை அவளிடமே தங்கிவிட்டது. இது நான்காவது வருடம்.

இங்கேதான் கழுத்துக்குக் கத்தி. ஏறுகெண்டை ஓடையில் பிறந்து, கடலுக்குப் போய், நான்காம் வருடம்தான் பிறந்த இடம் தேடித் திரும்பும். அணைக்கு முன் பிறந்த கடைசிக் கூட்டம் இந்த மழையில் வரப்போகிறது. இதுவும் ஏறாவிட்டால், ஓடைக்கு வழி தெரிந்த மீன் உலகத்திலேயே இருக்காது. சிலம்பாயி கையிலேயே முறை செத்துப்போகும்.

அவள் அழுதுகொண்டிருக்கவில்லை. ஊரைத் திரட்டிச் சேற்றை அள்ளினாள். வெட்டிப்போட்ட மரங்களை ஓடைக்குக் குறுக்கே சாய்த்து, மீன் இளைப்பாறக் குட்டைகள் செய்தாள். கரை முழுக்க நாணலும் நீர்மருதும் நட்டாள். கூழாங்கல்லைக் கூடை கூடையாக அலசிப் பரப்பினார்கள். மீனே வராத ஓடைக்கு மூன்று வருடம் இந்த வேலை!

மேற்பார்வைக்கு வந்த அமைச்சர் வணங்காமுடியார் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

"ஏனம்மா, மாப்பிள்ளையே இல்லாத கல்யாணத்துக்கா பந்தல்?"

"பந்தலே இல்லேன்னா மாப்பிள வாசலோட திரும்பிப் போயிருவாருல்ல, சாமி?"

முறையில் அடுத்த வீட்டுக்காரி நாச்சக்கா, சேற்றுக் கூடையை இறக்கிவிட்டுச் சிரித்தாள். "ஆமா, ஆமா. எனக்கு முறையக் குடுக்கிறதுக்குள்ள இவளுக்குப் பல்லு கொட்டிரும்."

"குடுக்காம போக மாட்டேன், நாச்சக்கா. செம்பத் தேய்ச்சு வெச்சிரு."

மழை மேகம் கூடியதும் சிலம்பாயி கீழே இறங்கினாள். மூன்று நாள் அரண்மனை வாசலில் கிடந்து, மன்னர் முன் போய் நின்றாள்.

"அணையத் தொறந்து விடணும், மகராசா. இந்த வருசம் விட்டா இனிமே மீனே கெடையாது."

மன்னர் கொட்டாவி விட்டார். அமைச்சர் முன்வந்தார்.

"பெண்ணே, அரசு மீன்களுக்கு எதிரி அல்ல. வால்களுக்குத்தான் எதிரி. வாலை விட்டுவிட்டு வரச் சொல். இன்றே திறக்கிறோம்."

சபை சிரித்தது. சிலம்பாயிக்குச் சுருக்கென்று ஏறியது.

"மரியாத மரியாதன்னு பேசுறீங்களே, உங்க மகராசாவ நீங்க எங்க உக்கார வெச்சிருக்கீங்க? எங்க ஊர்ல மதிப்பான ஆளத் தண்ணி வர்ற பக்கந்தான் உக்கார வெப்போம். கடைசித் தண்ணியில எருமையையும், சண்டைக்கார சம்பந்தியையுந்தான் விடுவோம்!"

சிரித்துக்கொண்டிருந்த ஒருவர் சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் விழுங்கினார்.

"கடைசித் தண்ணீரா?" என்றார் மன்னர் மெதுவாக.

"பின்ன? மேல எங்க எருமை குளிக்குது. அதுக்குக் கீழ துணி தொவைக்கிறாங்க. அதுக்கும் கீழ தோலு ஊறுது. அப்புறம் வழி நெடுக ஊரு, ஊருக்கு ஊரு பாத்திரம். அம்புட்டுப் பேரும் கழுவி முடிச்சதுதான் இங்க வந்து சேருது."

மன்னர் கையிலிருந்த பொற்கிண்ணத்துக்குள் பார்த்தார். பிறகு அதைத் தள்ளி வைத்தார்.

"வணங்காமுடி."

"மன்னா."

"இத்தனை வருடமாக நான் நாட்டின் வாலிலா உட்கார்ந்திருக்கிறேன்?"

அமைச்சர் தலையாட்ட மறந்தார். அவருடைய அரசியல் வாழ்வில் அதுவே முதல் தடவை.

சிலம்பாயி திட்டம் போட்டுக்கொண்டு வந்தவள் அல்ல. கோபத்தில் வாய் விட்டவள். ஆனால் கதவு இடுக்கு தெரிந்தால் காலை உள்ளே வைக்கத் தெரிந்தவள்.

"எங்க ஊருக்கு மேல நல்ல பாறை ஒண்ணு இருக்கு, மகராசா. அங்க வந்து உக்காருங்க. மொதத் தண்ணி உங்களுக்குத்தான். அப்புறம் கடல்ல இருந்து கெளம்பி வர்ற ஒவ்வொண்ணும் உங்க முகத்தப் பாத்துக்கிட்டுல்ல வரும்?"

"எது வரும்?"

"மீனுதான்."

மன்னர் எழுந்தே விட்டார்.

ஓடைக்கு மேலே பாறையில் மேலாசனம் அமைந்தது. அரண்மனை யானைமீதும் வண்டிமீதும் ஏறி மலைக்கு நகர்ந்தது. ஊர்வலம் பாதி வழி வந்தபோது ஆற்றுக்குக் குறுக்கே ஒரு பெரிய சுவர் நின்றது. அதன் அடியில் செங்காவி மீன்கள் தாவிக்கொண்டிருந்தன.

"என்ன இது?"

"அணை, மன்னா."

"என்னைக் காண வருகிறவர்களை வழிமறித்துச் சுவர் எழுப்பிய துரோகி யார்?"

வணங்காமுடியார் ஒரே ஒரு கணம்தான் தயங்கினார்.

"கண்டுபிடிக்க விசாரணைக் குழு அமைக்கிறேன், மன்னா. நானே தலைமை ஏற்கிறேன்."

அணையை இடித்தார்கள். வீரர்கள் கடப்பாரையோடு வந்தார்கள். ஓடைக்குடி மொத்தமும் வந்தது. முதல் கல் பெயர்ந்ததும் தண்ணீர் ஒரு பெருமூச்சு விட்டது. இரண்டாம் வரிசை சரிந்ததும் ஒரு மீன் புகுந்தது. ஒற்றை மீன். உடைப்பின் வேகத்தில் தள்ளாடியது, பின்வாங்கியது. பிறகு உடம்பை வில்லாக வளைத்து ஒரு எம்பு! மேல் தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டு, இடுப்பளவு ஆற்றில் நின்ற நாச்சக்கா கடப்பாரையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் குலவையிட்டாள்.

அதன் பின்னால் ஆறே ஏறியது.

உதடு கிழிந்தவை, துடுப்பு பிய்ந்தவை, பக்கம் முழுக்கப் புண்ணானவை. எதுவும் நிற்கவில்லை. சிலம்பாயி செய்து வைத்த குட்டைகளில் கொஞ்சம் மூச்சு வாங்கின, நட்டு வைத்த நாணல் நிழலில் ஒதுங்கின, மறுபடி ஏறின. அலசிய கூழாங்கல் படுகைக்கு வந்ததும் தாய்மீன்கள் பக்கவாட்டில் சாய்ந்து, வாலால் கல்லை விசிறிக் குழி பறித்தன. முட்டையிட்டன. அதே வாலால் கல்லைத் தள்ளி மூடின. எந்த வால் குற்றம் என்று பதிவானதோ, அந்த வாலால்தான் அத்தனை வேலையும். முடித்த பிறகு, யாருக்கும் எதுவும் மிச்சம் வைக்காமல், ஓரத்தில் ஒதுங்கி உயிரை விட்டன.

மேலாசனத்தில் மன்னர் கண் கலங்கினார்.

"ஏன் சாகின்றன?"

"தரிசனம் கிடைத்த பரவசம், மன்னா," என்றார் வணங்காமுடியார்.

இறந்த மீன்களுக்கெல்லாம் 'உத்தமக் குடி' பட்டம் அறிவித்தார்கள். பட்டத்தைக் கரடிகள் தின்றன. காடு நன்றாக இருந்தது.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். வணங்காமுடியார் முடியவிடவில்லை. குளிர் விட்டு, கூழாங்கல்லுக்குள்ளிருந்து குஞ்சுகள் எட்டிப் பார்த்து, விரல் நீளம் வளர்ந்த சமயம் அவர் சிலம்பாயியைக் கூப்பிட்டனுப்பினார்.

"இந்தக் குஞ்சுகள் எங்கே போகும்?"

"கடலுக்குத்தான், சாமி."

"கடல் கீழே. மன்னர் மேலே. கிளம்பும்போது எதைக் காட்டும்?"

சிலம்பாயி ஓடையைத் திரும்பிப் பார்த்தாள்.

"முதல் வாலைக் கண்டதும் அணை திரும்ப எழும். மதகுகூட இல்லாமல். உன் வாய் சாமர்த்தியம் அதற்குப் பிறகு செல்லாது, புரிகிறதா?"

எதைக் காட்டும் என்று அவளுக்கு உண்மையிலேயே தெரியாது. ஓடைக்குடியில் யாருக்கும் தெரியாது. குஞ்சுகள் எப்போதும் புதுவெள்ளக் கலங்கலில் கிளம்பும். மீன் ஏறுவதைப் பார்க்க ஊரே கரையில் நிற்கும், இறங்குவதை இதுவரை ஒருவரும் நின்று பார்த்ததில்லை. இந்த வருடம் கலங்கல் இல்லை. கரையில் நட்ட நாணல் மண்ணைப் பிடித்து வைத்திருந்தது. அவளே சுத்தம் செய்த தண்ணீர், அவளையே காட்டிக் கொடுக்கப் பார்த்தது.

அந்த வருடம் மன்னர் தேர்தலும் வந்தது. அதற்கு முந்தின நாள், இளவெயிலில், குஞ்சுகள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்தன. மன்னர் மேலாசனத்தில். கீழே கொத்தனார்கள் சுண்ணாம்பு குழைத்துத் தயாராக நின்றார்கள். நாச்சக்கா சிலம்பாயியின் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"கண்ண மூடிக்கடி. நான் பாத்துச் சொல்றேன்."

"மூட மாட்டேன்."

முதல் கூட்டம் அசைந்தது. தண்ணீர் அவற்றைக் கீழே இழுத்தது. குஞ்சுகள் போகத் தொடங்கின.

பின்பக்கமாக.

அத்தனையும். முகம் மேலே, மன்னரை நோக்கி. வால் கீழே, கடலை நோக்கி. பார்வை விலகாமல், மெல்ல மெல்ல, சபையில் வயதான பிரபுக்கள் வெளியேறுவதைப் போலப் பின்னோக்கியே இறங்கிப் போயின. ஒன்றுகூடத் தடுக்கி விழவில்லை.

மன்னர் நெஞ்சில் கை வைத்தார்.

"வணங்காமுடி, எனக்கு இப்படியொரு மரியாதையை மனிதர்கள்கூடச் செய்ததில்லை. ஏனம்மா, நீதான் பழக்கினாயா?"

சிலம்பாயி நாச்சக்காவின் பிடியை விடுவித்துக்கொண்டாள். பொய் சொல்லத் தோன்றவில்லை.

"இல்லீங்க மகராசா. அதுங்க தண்ணியப் பாக்குதுங்க. தண்ணி வர்ற பக்கம் மூஞ்சிய வெச்சாத்தான் அதுகளால மூச்சு விட முடியும்."

"தண்ணீர் மன்னரிடமிருந்துதானே வருகிறது!" என்றார் வணங்காமுடியார். அந்த விளக்கம் மன்னருக்குப் பிடித்திருந்தது. கொத்தனார்களை வீட்டுக்கு அனுப்பினார்.

கூட்டம் கலைந்த பிறகு சிலம்பாயி ஓடையில் இறங்கிச் செம்பை முக்கினாள். பின்தங்கிய நாலைந்து குஞ்சுகள் உள்ளே வந்தன. செம்புக்குள் சுற்றிச் சுற்றி வந்து, தண்ணீர் அசைகிற பக்கமாகத் திரும்பி நின்றன. நாச்சக்கா குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"நாலு வருசமாச்சுடி," என்றாள்.

"இந்தா, வாங்கிக்க. இனிமே ஒம் பாடு, ஓடை பாடு."

நாச்சக்கா செம்பை இரண்டு கையாலும் வாங்கி, தண்ணீருக்குள் மெல்லச் சாய்த்தாள். குஞ்சுகள் நழுவின. மேலாசனத்தைப் பார்த்தபடியே.

"நல்லாத்தான் பாக்குதுங்க," என்றாள் நாச்சக்கா.

"போகட்டும். நாளைக்குக் கல்லப் போட்டுட்டு நம்மளும் பாக்கணும்ல?" என்றாள் சிலம்பாயி.

மறுநாள் தேர்தல். மேலாசனத்துக்கு எதிரே தட்டி கட்டி, உள்ளே பானைகள் வைத்தார்கள். நாட்டின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் சனம் மலையேறி வந்தது. கல்லுக்குப் பஞ்சமில்லை, இடித்த அணையின் சில்லுகள் வழியெல்லாம் கிடந்தன. வருகிறவர்கள் குனிந்து ஒன்றை எடுத்துக்கொண்டார்கள்.

அப்படியொரு தேர்தலைக் கழிமுகநாடு கண்டதில்லை. முந்தைய தேர்தல்களில் யாராவது அவசரத்தில் திரும்பி ஓடுவான், யாராவது தடுக்கி விழுவான். இந்த முறை ஒரு முதுகுகூடத் தெரியவில்லை. தோல் ஊறவைப்பவர்கள், துணி துவைப்பவர்கள், பள்ளத்தில் விழுந்து கால் ஒடிந்த வீரர்கள், கருவாடு காணாத ஓடைக்குடிக்காரர்கள், எல்லோரும் கல்லைப் போட்டுவிட்டு வந்து, கும்பிட்ட கை இறங்காமல், முகத்தில் சிரிப்பு மாறாமல், மன்னரைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்து போனார்கள். சிலம்பாயியும் நாச்சக்காவும் கடைசியாக, ஜோடியாகப் போனார்கள். சறுக்கலில்கூடக் கால் இடறவில்லை.

"எத்தனை முகங்கள்!" என்றார் மன்னர்.

"கடைசி ஆள் வரைக்கும், மன்னா," என்றார் வணங்காமுடியார். வெற்றி விழாவுக்கு மாலைகள் சொல்லி அனுப்பியாகிவிட்டது. ஆனால் அந்த அந்தியில் அவர், யாரும் பார்க்காத நேரமாக, எதிர்த்து நிற்பவரின் வீடு எந்தத் திசையில் இருக்கிறது என்று ஒரு காவலனிடம் விசாரித்து வைத்துக்கொண்டார்.

காலையில் பானைகளைக் கவிழ்த்தார்கள்.